மூக்கருகே வைத்த விரல்

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு வயது 34. மகள் பிறந்து இன்றோடு 47 நாள். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் காட்டிக்கொள்கிறேன்.

பிரசவத்தன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் மனசு பொங்கிவிடும் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் பொங்கவில்லை. 'கீழே போட்டுவிடக் கூடாது' என்ற நினைப்பு மட்டும்தான். சிவந்த முகமும் இறுக மூடிய கண்ணுமாக யாரோ வீட்டுக் குழந்தை போல இருந்தாள். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நான் சின்ன வயதிலிருந்தே கடவுள் நம்பிக்கை உள்ளவன். காலையில் அரை மணி நேரம் பிரார்த்தனை செய்யாமல் வெளியே கிளம்ப மாட்டேன். இப்போது கண்ணை மூடினால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். பல நாள் உட்காரவே முடிவதில்லை. மனைவிக்கு வலி கூடிக்கொண்டே போன அந்த இரவு, பிரசவ அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டு, 'இரண்டு பேரையும் நல்லபடியாகக் கொடுத்துவிடு, இனி ஒரு நாளும் பிரார்த்தனையைத் தவறவிட மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு வாரம்கூட அதைக் காப்பாற்றவில்லை.

இரவில் ஏழெட்டு முறை எழுந்து, குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். சில சமயம் மூச்சு நின்று நின்று வருகிறது. எனக்கு வியர்த்துவிடும். "ஏன் தூங்காம உட்கார்ந்திருக்கீங்க?" என்று மனைவி கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுகிறேன்.

என் அப்பா என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவே இல்லை. நானும் அவரைப் போல ஆகிவிடுவேனோ? என் நம்பிக்கையும் போய்விட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பாசத்தைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது வேறு. வராந்தாவில் கொடுத்த வாக்கு ஒரு பத்தியில் வருகிறது. மூக்கருகே வைத்த விரல் அடுத்த பத்தியிலேயே வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல எழுதிக்கொண்டு போகிறீர்கள். வாக்குத் தவறியதற்கான தண்டனை குழந்தைமேல் விழுந்துவிடுமோ என்றுதானே எழுந்து எழுந்து பார்க்கிறீர்கள்? என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். சரியாக இருந்தால், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அது விசித்திரமானது இல்லை. குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற வேண்டாத நினைப்பு, புதிதாகப் பெற்றோரானவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது. அதை வெளியே சொல்லக் கூசுகிறோம், அவ்வளவுதான்.

முதலில் மூச்சு விஷயத்தை முடித்துவிடுவோம். பிறந்த சில மாதங்கள்வரை குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதும், ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்துவதும், பிறகு தானாகத் தொடர்வதும் இயல்பு. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடம்பு துவண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். முகத்தருகே தலையணை, பொம்மை, தொளதொளப்பான போர்வை எதுவும் வேண்டாம். நீங்கள் படுக்கப் போகும் முன் ஒரு முறை பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். அடுத்த முறை கை போகும்போது நெஞ்சு படபடக்கும். எழாமல் படுத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து பார்ப்பதால்தான் அந்தப் பயம் அடங்க மறுக்கிறது.

சரி, பாசத்துக்கு வருவோம். உங்களுக்கு அவள் அந்நியமாகத் தெரிந்தாள் என்கிறீர்கள். அவளுக்கும் உங்களை அவ்வளவாகத் தெரியாது! அம்மாவின் குரலைப் பிறந்த குழந்தை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிந்து விரும்புவதை 1980ல் ஓர் ஆய்வு காட்டியது. 1984ல் அப்பாவின் குரலை வைத்துப் பார்த்தபோது அந்த விருப்பம் தெரியவில்லை. அப்பாக்களுக்குப் பழக்கம் பிறந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பச்சைக் குழந்தையின் பார்வை 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஓரளவு தெளிவாக இருக்கும். கையில் ஏந்தினால் உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. அதனால் ஒரு வேலையை முழுக்க உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். பால் குடித்த பிறகு தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைப்பது நல்ல வேலை. மனைவி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தையின் தலை உங்கள் கழுத்தெலும்பில் இடித்து இடித்து நிற்கும், சட்டை நனையும், சில நாள் ஏப்பம் வரவே வராது. அந்த நேரத்தில் 'பாசம் வந்துவிட்டதா' என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அப்பா தூக்கிய நினைவில்லை என்பதில் எனக்குச் சின்ன ஆட்சேபம். 47 நாள் குழந்தையாக இருந்ததை யாரால் நினைவில் வைத்திருக்க முடியும்? அம்மாவோ அத்தையோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். தூக்கவே இல்லை என்று பதில் வந்தாலும் வரட்டும்.

கடவுள் உங்கள் வாக்கை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல நான் ஆள் இல்லை. 'குழந்தையைக் கவனிப்பதே பிரார்த்தனைதான்' என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிடலாம். என் வாயிலிருந்து வந்தால் உங்களுக்கு அது ஒட்டாது. உங்கள் நம்பிக்கையைப் பகிரும் பெரியவர்களில், பிள்ளைகளைத் தன் கையாலேயே வளர்த்த ஒருவரைத் தேடுங்கள். குழந்தை பிறந்த அந்த வருஷம் அவர் எப்படிப் பிரார்த்தனை செய்தார் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஏழு வாரமாகத் தூக்கம் கெட்டவர் கண்ணை மூடினால் தூங்குவார். அதை வைத்து நம்பிக்கையை அளக்க முடியாது.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010ல் வெளியான கட்டுரை, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு என்றது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் அது அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, எரிச்சல் அடங்காமல் இருந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே போங்கள்.

அப்புறம், மனைவியிடம் மழுப்பியது போதும். வராந்தாவில் கொடுத்த வாக்கிலிருந்து ஆரம்பியுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவர். அந்த இரவில் அவர் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தார் என்றும் கேட்டுப் பாருங்கள்.