மோட்டார்ஹோம் பேட்டரிக்கு ஆறு வார ஓய்வு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறோம். எங்கள் மோட்டார்ஹோமை (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை) அக்டோபர் நடுவில் வாடகை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, நவம்பர் இறுதியில் புளோரிடாவுக்கு எடுத்துச் செல்வோம். அந்த இடத்தில் மின் இணைப்பு கிடையாது. சென்ற ஆண்டு கதவருகே உள்ள பேட்டரி துண்டிப்பு சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வந்தோம். அப்படியும் மூன்றே வாரத்தில் வீட்டுப் பகுதி பேட்டரிகள் (எஞ்சினுக்கு அல்லாமல், உள்ளே வசிக்கும் பகுதிக்கு மின்சாரம் தருபவை) அடியோடு இறங்கிவிட்டன. வாரம் ஒருமுறை போய்ப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்கிறார் நண்பர். அது சரிதானா? எங்களுடையவை தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை. 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைத்தவை, கொள்ளளவு 220 ஆம்பியர்-மணி.

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுமையாகச் சார்ஜ் ஏறியிருந்த 220 ஆம்பியர்-மணி மூன்று வாரத்தில் தீர்ந்திருக்கிறது என்றால், இரவு பகலாகச் சுமார் 0.4 ஆம்பியர் ஒழுகிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டிகளில் வழக்கமாகப் பழி சுமப்பது சமையல் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி. பெரும்பாலான வண்டிகளில் துண்டிப்பு சுவிட்சை அணைத்த பிறகும் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது இழுப்பது பொதுவாக 0.1 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஆகவே உங்கள் வண்டியில் வேறு ஏதோ ஒன்றும் சுவிட்சைத் தாண்டி நேரடியாகப் பேட்டரியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நான் முதலில் சந்தேகிப்பது இன்வெர்ட்டரை. தடித்த கம்பிகளோடு அதை நேரே பேட்டரியில் இணைப்பதுதான் வழக்கம். எந்தக் கருவியும் ஓடாதபோதும், இயக்க நிலையில் விடப்பட்ட இன்வெர்ட்டர் ஓர் ஆம்பியர் வரைகூட இழுக்கக்கூடும். இன்னொரு சாத்தியமும் உண்டு: புறப்படும்போதே பேட்டரி பாதிதான் ஏறியிருந்திருக்கலாம்.

ஊகிப்பதைவிட அளந்துவிடுவது நல்லது. நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகு, மீட்டரின் பூச்சியப் பொத்தானை அழுத்திவிட்டு, பேட்டரியின் எதிர்முனையிலிருந்து (மைனஸ் முனை) கிளம்பும் கம்பிகள் அனைத்தையும் சேர்த்து அதன் தாடைக்குள் பிடியுங்கள். 0.4 என்று காட்டினால், இன்வெர்ட்டரை அதன் சொந்த சுவிட்சில் அணையுங்கள், பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அதுதான் குற்றவாளி.

நண்பர் சொன்ன வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல வண்டிகளில் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி) வீட்டுப் பகுதி பேட்டரிகளுக்கும் சிறிது மின்னோட்டம் அனுப்பும் என்பது உண்மையே. ஆனால் ஈய-அமில பேட்டரி கடைசி 20 விழுக்காட்டை மிக மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் எஞ்சின் எண்ணெய்கூடச் சரியாகச் சூடேறாது. அதில் திரளும் ஈரம்தான் மிச்சம்.

நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே மின் இணைப்புக் கொடுத்து முழுமையாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஏறி முடிந்த பிறகு மூடிகளைத் திறந்து, குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். சார்ஜ் ஏற்றும் முன்பே நிறைய ஊற்றினால் அமிலம் பொங்கி வழியும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு நீர் வற்றியிருந்தால் மட்டும், முன்னதாகவே அவை மூழ்கும் அளவுக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அறை காற்றோட்டமாக இருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால், 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

வண்டியை நிறுத்தியதும் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனையைத் தொடாதவாறு ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். இரண்டு பேட்டரி அமைப்பில் வண்டிக்குப் போகும் எதிர்முனைக் கம்பிதான் கணக்கு, இடையிலுள்ள இணைப்புக் கம்பி அல்ல. எரிவாயுக் கருவியும் இதனால் அணைந்துவிடும் என்பதால், உருளையின் வால்வை மூடிவிடுவது கட்டாயம். மறுபடியும் உள்ளே படுத்து உறங்கும் முன் கருவி உயிர்பெற்றிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பேட்டரியையும் மறக்க வேண்டாம். எஞ்சின் கணினியும் வானொலியும் அதிலிருந்து 0.05 ஆம்பியர் இழுத்தாலே ஆறு வாரத்தில் 50 ஆம்பியர்-மணி போய்விடும். அந்த நிலையில் குளிர்காலையில் ஸ்டார்ட்டர் சுழலாது.

இதன்பின் எஞ்சியிருப்பது தானாக இறங்கும் இழப்பு மட்டுமே. குளிரில் அது மிகவும் குறைவு. ஆறு வாரத்தின் நடுவில் ஒருமுறை போய் அளந்தால் போதும், 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். அதற்கும் கீழே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாகி இறுகிவிடும். நவம்பர் குளிரில் வேறோர் ஆபத்தும் உண்டு: முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும், முற்றிலும் இறங்கியதோ மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறைந்து கூடு வெடித்துவிடும். உறைந்த பேட்டரிக்கு ஒருபோதும் சார்ஜ் ஏற்றாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால் சிமெண்ட் தரையில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக வைக்கலாம். சிமெண்ட் தரை சார்ஜை இறக்கிவிடும் என்ற அச்சம் பிளாஸ்டிக் கூடுகள் வருவதற்கு முந்தைய காலத்தது.

கேள்வி: எங்களுடையது லித்தியம் பேட்டரி. வீட்டு வாசலிலேயே மின் இணைப்பு இருக்கிறது. ஒரு மாதம் அப்படியே செருகி விட்டுவிடலாமா?

பதில்: தேவையில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 100 விழுக்காட்டிலேயே பிடித்து வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். 50 முதல் 60 விழுக்காட்டில் நிறுத்தி, இணைப்பைத் துண்டித்து விட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் தானாக இழப்பது மிகச் சொற்பம். பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது செல்களைக் கெடுக்கும் என்பதால், வெப்பமூட்டும் வசதி இல்லாத பேட்டரியைக் குளிர்காலத்தில் செருகி வைக்கவே கூடாது. பயணத்துக்கு முந்தைய நாள் முழுமையாக ஏற்றிக்கொள்ளலாம். பல வண்டிகளில் வீட்டு மின்சாரம் வீட்டுப் பகுதி பேட்டரிக்கு மட்டுமே போகும், எஞ்சின் பேட்டரிக்குப் போகாது. ஆகவே அந்த ஈய-அமில பேட்டரிக்கென்று தனியாக ஒரு சிறு பராமரிப்புச் சார்ஜர் வாங்கி, அதை மட்டும் செருகி வையுங்கள்.