நான்கு ஆண்டு இயற்பியல் படித்தால் என்ன தெரிந்திருக்கும்?

கேள்வி: என் மகன் தேசிய சேவையை முடிக்கப்போகிறான். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாடத்திட்டக் குறிப்பில் ‘கற்றல் விளைவுகள்’ என்று ஒரு பக்கம் இருந்தது. சோதனைத் திறன், சிக்கல் தீர்க்கும் திறன், தொடர்புத் திறன் என்று எல்லாப் படிப்புக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். “இதைப் படித்து என்ன தெரிந்துகொண்டு வருவான்?” என்று அவன் அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது? – ஒரு தாய், ஈசூன்

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பக்கத்தைப் படித்தால் ஒன்றும் பிடிபடாதுதான். ஆனால் இயற்பியலில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் திட்டவட்டமான வேலை இருக்கிறது.

‘சோதனைத் திறன்’ என்ற வரியைப் பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஆடும் நேரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கணக்கிடுவது பழைய சோதனை. புத்தகத்தில் இருப்பது 9.81 (நொடிக்கு நொடி இத்தனை மீட்டர் வேகம் கூடும்). மாணவனுக்கு 9.78 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று விடையை 9.81க்கு இழுக்கத்தான் கை போகும். உண்மையில் சிங்கப்பூரில் அதன் மதிப்பே ஏறக்குறைய 9.78தான். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். பூமி இங்கே சற்றுப் புடைத்திருக்கிறது, அது சுழல்வதன் பாதிப்பும் இங்கேதான் அதிகம். துருவத்தில் அளந்தால் 9.83 வரும்.

சரி, அப்படியானால் அவன் சரியாக அளந்துவிட்டான் என்று சொல்லலாமா? அதற்கும் அவசரப்பட முடியாது. 9.78க்கும் 9.81க்கும் இடையே, குண்டு போய்த் திரும்பும் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தில் 0.003 நொடிதான் வித்தியாசம். நூலின் நீளத்தில் 3 மில்லிமீட்டர் பிசகினாலே அது அடிபட்டுப் போகும். குண்டின் நடுப்பகுதிவரை அளந்தானா, அடிவரை அளந்தானா? ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் 0.2 நொடி பிந்தலாம். 100 ஆட்டங்களைச் சேர்த்து எண்ணினால்தான் வித்தியாசம் 0.3 நொடியாகி அதைத் தாண்டும். இவ்வளவையும் யோசித்து, “என் விடை 9.78, இந்த அளவு கூடலாம், இந்த அளவு குறையலாம், காரணம் இது” என்று பொறுப்போடு எழுதப் பழகுவதைத்தான் அந்த வரி சொல்கிறது. என்னைக் கேட்டால், முழுப் படிப்பிலும் இதுதான் பெரிய சொத்து. ஆய்வுக்கூட வேலையை மாணவர்கள் கடனே என்று முடிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இயந்திரவியல், மின்காந்தவியல், வெப்ப இயற்பியல், அணு அளவிலான உலகை விளக்கும் குவாண்டம் இயங்கியல் ஆகியவைதான் அடிப்படைப் பாடங்கள். சூத்திரம் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகலாம். முன்பின் பார்த்திராத ஒரு கணக்கில் எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று பிரித்தறியும் பழக்கம் மறக்காது. சிக்கல் தீர்க்கும் திறன் என்பது இதுதான். தொடர்புத் திறன் வளர்வது இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தில். ஒரு கேள்வியை மாதக்கணக்கில் துருவி, எழுதி, தேர்வாளர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். வாய்ப்பு இருந்தால் உங்கள் மகன் அதைத் தவறவிடக் கூடாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2007 முதல் குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் இயங்கிவருகிறது. உலகத்தரமான ஆய்வு நம் வீட்டுப் பக்கத்திலேயே நடக்கிறது என்பதை இங்கே பலர் யோசிப்பதில்லை.

வேலை விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பொறியியல் போலப் பட்டத்தோடு பதவிப் பெயர் ஒட்டிக்கொண்டு வராது. சில்லுத் தயாரிப்பு ஆலைகள், தரவுப் பகுப்பாய்வு, நிதித்துறை என்று வழிகள் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் பிரிவுகளில் மருத்துவ இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு மேற்படிப்பும் பயிற்சியும் வேண்டும். ஆசிரியராக விரும்பினால் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற வேண்டும்.

இடத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் துறைக்கு எழுதி, ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக்கூடத்துக்கு எத்தனை மணி நேரம், அறிக்கையைத் திருத்திக் கொடுப்பவர் யார், இறுதியாண்டுத் திட்டம் கட்டாயமா என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில்களை அப்பாவிடமும் காட்டட்டும். அப்புறம், ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்குவதற்குள் பைத்தான் நிரலாக்கத்தைக் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும், முதலாண்டுச் சுமை நிச்சயம் குறையும்.