மாமாவின் நிட்டிங் மெஷினில் ஒரு சின்ன போர்டு

மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, திருப்பூரிலிருந்து ஓர் அப்பா மகனுடன் என்னிடம் வந்திருந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் செயற்கை நுண்ணறிவு பி.டெக். சீட் இருக்கிறதாம், வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டார். பெரியப்பா முடிவே செய்துவிட்டாராம்.

"பதறாதீங்க" என்று ஆரம்பித்தேன். பையன் போனில் ஒரு வீடியோவைக் காட்டியதும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன். மாமாவின் நிட்டிங் யூனிட்டில் ஒரு மெஷினில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை மாட்டியிருக்கிறான். எத்தனை சுற்று ஓடியது, நூல் அறுந்து எவ்வளவு நேரம் நின்றது எல்லாம் திரையில் தெரிகிறது.

ஐயா, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ராஸ்பெரி பை 2012இல் 35 டாலருக்கு வந்தபோது, பிள்ளைகள் புரோகிராம் பழகுவதற்கான போர்டு அது. இன்று அதில் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கும் கருவி செய்பவர்களுக்கும்தான் போகிறது. ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் ஓடாது. மெஷினில் இருக்கும் சென்சார் பெரும்பாலும் 24 வோல்ட், போர்டில் வயர் இணைக்கும் முனை தாங்குவது 3.3 வோல்ட். நேராகக் கொடுத்தால் போர்டு போச்சு, நடுவில் ஆப்டோகப்ளர், அதாவது மின்சாரத்தை நேராக விடாமல் ஒளி வழியாகச் சிக்னலை மட்டும் கடத்தும் சில்லு, வேண்டும். கரண்ட் பட்டென்று போனால் மெமரி கார்டு கெடும். அதனால் கார்டில் எதுவும் எழுதாதபடி சிஸ்டத்தை வைத்து, கணக்கை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். பஞ்சு பறக்கிற இடத்தில் ஃபேன் அடைத்துக்கொள்ளும், ஃபேன் இல்லாத உலோகப் பெட்டிதான் சரி. டிஜிட்டல் கரண்ட் மீட்டர்களில் மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை) இணைப்பு இருந்தால், எந்த மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதையும் இதே போர்டு படித்துவிடும். புரோகிராமும் வயரிங்கும் சேர்ந்து தெரிந்த ஆளைத்தான் சின்ன முதலாளிகள் தேடுகிறார்கள்.

இவனுக்கு நான் சொல்வது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் அல்லது எலக்ட்ரானிக்ஸ். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன், நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடம் கழித்து ஆசை இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தத்தில் ஒரு வருடம் கூடும்தான். வீட்டுக்கு வட்டி கட்டுவதைவிட அது பரவாயில்லை.

"டிப்ளமோவா? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்றார். கடன் தவணையை அவர்கள் கட்டுவார்களா என்று கேட்டேன். பையன் சிரித்தான், அப்பா சிரிக்கவில்லை.

தம்பி, அட்மிஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டாவது மெஷினுக்கும் மாட்டு. இந்த முறை சாமான் காசையாவது மாமாவிடம் வாங்கிவிடு.