இதயம் மாற்றிய பிறகு கால் வீங்குவது ஏன்?

"அப்பாவுக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. எக்கோ நன்றாக இருக்கிறதாம். ஆனாலும் சாயங்காலமானால் கால் வீங்குகிறது, பிரஷரும் ஏறுகிறது. தண்ணீரைக் குறைக்கலாமா?" என்று உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்.

தண்ணீரை நீங்களாகக் குறைக்காதீர்கள் அம்மா. குறைக்க வேண்டியது உப்பு.

இதயத்தின் மேலறைச் சுவரில் விரிவை உணரும் நரம்பு முனைகள் உண்டு. ரத்தத்தின் அளவு கூடினால் அவை மூளைக்குச் சேதி சொல்லும். உடனே உடலில் நீரைப் பிடித்து வைக்கும் வாசோபிரஸின் என்ற ஹார்மோன் குறையும். சிறுநீரகத்தில் ரெனின் என்ற சுரப்பு குறைய, உப்பைப் பிடித்து வைக்கும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களும் இறங்கும். மிஞ்சிய உப்பும் நீரும் சிறுநீரில் போய்விடும். கண்மாய் நிறைந்ததும் மடையைத் திறக்கச் சொல்லும் ஆள் மாதிரி. மாற்று இதயத்தைப் பொருத்தும்போது ரத்தக் குழாய்களைத் தைக்கலாம், இந்த நரம்புகளைத் தைக்க முடியாது. அதனால் அந்தச் சேதி போவதில்லை. புது இதயம் ஏஎன்பி என்ற ஹார்மோனைச் சுரந்து உப்பை வெளியேற்றப் பார்க்கும். அது ரத்தத்தில் போவதால் நரம்பு தேவையில்லை. ஆனால் அது மட்டும் போதுவதில்லை. போதாததற்கு, உடல் புது இதயத்தை எதிர்க்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ், பிரட்னிசோலோன் மாத்திரைகளும் உப்பைப் பிடித்து வைக்கும். அதற்காக அவற்றை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

தினமும் காலையில், சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் 1 கிலோவோ வாரத்தில் 2 கிலோவோ ஏறினால் அன்றே மருத்துவக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். மூச்சு வாங்கினாலோ, படுக்க முடியாவிட்டாலோ உடனே கிளம்பிவிடுங்கள்; உடல் புது இதயத்தை எதிர்ப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலும் கணுக்கால் வீங்கும். அதை மருத்துவர் பிரித்துப் பார்க்கட்டும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் வேண்டாம். இந்துப்பும் உப்புதான். எனக்குப் பெரிய கவலை, 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதுதான். அக்கறையில் வாங்கிவிடுவார்கள். அதில் இருப்பது பொட்டாசியம். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையும் தொடக் கூடாது, அது சிறுநீரகத்தைக் கெடுத்து நீரையும் தேக்கும்.

சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.