சவாரிக் களத்துக்கு எந்த மணல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்பிப்பதற்காக எங்கள் கரிசல் நிலத்தில் 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட களம் அமைத்தேன். குதிரைகளுக்குக் கால் நோகக்கூடாது என்று முக்கால் அடி உயரத்துக்கு மணல் கொட்டினேன். இரண்டே மாதத்தில் மார்வாரிக் குதிரை ஒன்றுக்கு முன்னங்கால் நரம்பு வீங்கிவிட்டது. ஐப்பசி மழையில் களமும் சேறாகிவிட்டது. மணலை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: குதிரையை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் சம்மதிக்கும்வரை சேணம் கட்ட வேண்டாம்.

மணலை மாற்றுவதற்கு முன் அதைக் குறைத்தாக வேண்டும். ஆழமான மணலில் குளம்பு புதைந்து, ஒவ்வோர் அடிக்கும் காலை இழுத்தெடுக்க நேர்வதால், கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் தசைநாண்கள், அதாவது நாம் நரம்பு என்று சொல்பவை, தாங்கும் அளவுக்கு மேல் இழுபடுகின்றன. திருச்செந்தூர்க் கடற்கரையில் சிறிது தூரம் ஓடியவருக்கே கெண்டைக்கால் கடுப்பது தெரியும். குதிரையோ ஆளையும் சுமந்துகொண்டு ஓடுகிறது. இரண்டு முதல் மூன்று அங்குல மணல் போதும். இரண்டு அங்குலத்தில் தொடங்கி, தேவையைப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது; உங்கள் களத்துக்கு அதற்கு ஏறத்தாழ 14 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடிக்கும்.

சேறானதற்குக் காரணம் மணல் அன்று, அதன் அடியில் இருக்கும் கரிசல். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் அந்த மண்ணின் மேல் நேரடியாகக் கொட்டிய எந்த மணலும் ஒரே மழைக்காலத்தில் அதனோடு கலந்துவிடும். ஆகவே மணலை ஒதுக்கி, மேல் கரிசலை வாரிவிட்டு, மண் பிரிக்கும் ஜியோ துணியை விரித்து, அரை அடிக்குச் சரளையைப் பரப்பி, நீர் தெளித்து ரோலரால் இறுக்குங்கள். அகலத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 20 சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, தாழ்ந்த பக்கத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அடித்தளம் கெட்டால் மேலே போட்ட விலையுயர்ந்த மணலும் வீண்.

மணலைப் பொறுத்தவரை, ஓரளவு முனையுள்ள துகள்களே ஒன்றையொன்று பற்றி நின்று குளம்பைத் தாங்கும். ஆற்று மணலும் தேரி மணலும் (தேரிக்காட்டுச் செம்மணல்) நீராலும் காற்றாலும் உருண்டு மழுங்கியவை. குளம்புக்கு அடியில் வழுக்கும். தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்ததும் நினைவிருக்கட்டும். கழுவிச் சலித்த எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்த மணல், பொருந்தும். வாங்குமுன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கைப்பிடி மணலை நீரோடு குலுக்கி வையுங்கள். மணல் அடியில் தங்கிய பிறகும் நீர் நெடுநேரம் பால்போல் கலங்கியிருந்தால், தூசி மிகுந்த அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். ஈரம் காக்கும் என்று தென்னை நார்க்கழிவைக் கலப்போரும் உண்டு. நானும் ஒருமுறை கலந்தேன். கார்த்திகை முடிவதற்குள் மக்கி வழுக்கத் தொடங்கியதால் முழுவதையும் அள்ள வேண்டியதாயிற்று.

களம் சரியாக இருக்கிறதா என்பதைக் குளம்புத் தடமே சொல்லும். குதிரையைப் பெருநடையில் (மெல்லோட்டத்தில்) ஓட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள்: விளிம்பு சரியாமல் ஆழமின்றிப் பதிந்திருந்தால் நன்று, உடனே மணல் சரிந்து தடம் மூடினால் காய்ந்துவிட்டது அல்லது ஆழம் கூடிவிட்டது, லாடக் கோடு மட்டும் தெரிந்தால் இறுகிவிட்டது. ஆனி, ஆடியில் மேற்கு மலைக் கணவாய் வழியே வரும் காற்று ஈரத்தை ஒரே பகலில் உறிஞ்சிவிடும் என்பதால், முந்தைய மாலையே நீர் தெளித்து ஊறவிடுங்கள். சாணத்தை அன்றன்றே அள்ளாவிட்டால் அது பொடிந்து, குதிரைக்கு இருமலைத் தரும் தூசியாகும். வேலியோரம் ஓடி ஓடிப் பள்ளம் விழும். வயலில் பரம்படிப்பதுபோல் வாரம் இருமுறையாவது இழுத்து, ஓரத்தில் குவிந்த மணலை உள்ளே கொண்டுவாருங்கள். சரளையைக் கிளறும் அளவுக்குப் பல் ஆழமான கலப்பையைக் களத்துக்குள் விடவே கூடாது.

கேள்வி: தூசி அடங்க உப்பு தூவலாமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: வேண்டாம். காற்றின் ஈரத்தை இழுக்கும் மெக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகளைச் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவை குளம்பை உலர்த்தும், மழையில் கரைந்து இறங்கும். உங்கள் பகுதியில் கிணற்று நீர் ஏற்கெனவே உவர்ப்பாக இருந்தால் அந்தச் சுமையைக் கூட்ட வேண்டாம். தூசி பறப்பது ஒரு மூலையில் மட்டும் என்றால், அங்குள்ள நைந்த மணலை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.