ட்ரெய்னிங் ஆஃப் பண்ணிட்டா கோட் வெளிய போகாதா?

கேள்வி: ஃப்ரீலான்ஸா கோட் எழுதுறேன். எடிட்டர்ல ஒரு ஏஐ அசிஸ்டன்ட் போட்டிருக்கேன். என் கோட வச்சு மாடல ட்ரெய்ன் பண்ணக்கூடாதுன்னு செட்டிங்ஸ்ல டிக் எடுத்துட்டேன். இனி க்ளையன்ட் கோட்ல தைரியமா யூஸ் பண்ணலாமா?

டிக் எடுத்தது நல்லதுதான், ஆனா கோட் இன்னும் போயிட்டுதான் இருக்கு. மாடல் இருக்கறது அவங்க சர்வர்ல. நீங்க டைப் பண்ணிட்டு கொஞ்சம் நிறுத்துனாலே கர்சருக்கு மேலயும் கீழயும் இருக்கற வரிகள், ஃபைல் பேரு, பல டூல்ல பக்கத்து டேப்ல தொறந்து கெடக்கற ஃபைல்லேந்து சில துண்டுகள், எல்லாம் ஒண்ணா சேந்து கெளம்பிடும். வழியில என்கிரிப்ட் ஆகித்தான் போகுது, ஆனா அங்க பிரிச்சு படிச்சாத்தானே மாடலால பதில் சொல்ல முடியும், அதனால என்கிரிப்ஷன்னு போட்டிருக்கறத பாத்து நிம்மதி ஆயிடாதீங்க.

போனத எத்தன நாள் வச்சிருப்பாங்கங்கறது தனி விஷயம். ஓப்பன்ஏஐ ஏபிஐய (மத்த டூலுங்க அவங்க மாடல கூப்பிட்டு யூஸ் பண்ற வழி) எடுத்துக்கோங்க, நீங்களா சம்மதிச்சாலொழிய ட்ரெய்னிங்குக்கு எடுக்க மாட்டோம்னு சொல்றாங்க, ஆனாலும் யாராவது தப்பா யூஸ் பண்றாங்களான்னு பாக்க பொதுவா 30 நாள் வரைக்கும் லாக் (அனுப்புனதோட பதிவு) இருக்கும். அதுவும் 2025 மே மாசம், ஓப்பன்ஏஐ மேல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை போட்ட கேஸ்ல, அழிக்க வேண்டிய லாகையும் அழிக்காம வைன்னு கோர்ட் சொல்லிடுச்சு, சில மாசம் அப்படித்தான் ஓடுச்சு. எதையுமே சேமிக்க மாட்டோம்னு தனியா ஒப்பந்தம் போட்டிருந்தவங்க இதுல மாட்டல. அதனால விளம்பரப் பக்கத்த விடுங்க, உங்க ப்ளானோட ஒப்பந்தத்த படிங்க. பர்சனல் ப்ளானுக்கும் கம்பெனி ப்ளானுக்கும் ரூல் வேற வேறயா இருக்கறது சகஜம், முன்னாடி இருந்த அமேசான் கோட்விஸ்பரர்ங்கற கோடிங் அசிஸ்டன்ட்லயே, ட்ரெய்னிங் வேண்டாம்னா இலவச ப்ளான்ல நீங்களா போய் சொல்ல வேண்டியிருந்துச்சு, ப்ரொஃபஷனல்ல அந்த வேலையே இல்லாம இருந்துச்சு.

என்னக் கேட்டா இதவிட பெரிய தலைவலி பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும்தான். கிட்இக்னோர்ல (கிட் எந்தெந்த ஃபைல கண்டுக்கக் கூடாதுன்னு எழுதற லிஸ்ட்) போட்டதெல்லாம் கோட் மாற்றங்கள பதிஞ்சு வைக்கற கிட்டுக்குத்தான், அசிஸ்டன்ட் அத மதிக்கணும்னு கட்டாயம் இல்ல. டூலுக்குன்னு தனி இக்னோர் ஃபைல் இருந்தாலும், ஏஜென்ட் மோட்ல (அசிஸ்டன்ட்டே தானா வேலைய செய்யற மோட்) டெர்மினல்ல கமாண்ட் ஓட்ட விட்டீங்கன்னா அந்த வழியா படிச்சிட சான்ஸ் இருக்கு, எரர் லாக்ல கீ ப்ரின்ட் ஆனா அதுவும் கூடவே போயிடும். அதனால நெஜ கீ ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயே இருக்க வேண்டாம், டெவலப்மென்ட்டுக்கு பவர் கம்மியான டெஸ்ட் கீ போதும்.

அப்புறம் ப்ளகின் (எடிட்டர்ல கூடுதலா சேத்துக்கற சின்ன டூல்) அப்டேட்டயும் ஒரு கண்ணு வச்சுக்கோங்க. 2017ல கைட்னு ஒரு கம்பெனி ஆட்டம் (Atom)ங்கற கோட் எடிட்டரோட பிரபலமான ப்ளகின்கள கையில எடுத்து தன் ப்ராடக்ட உள்ள நொழைச்சுது, அப்ப அந்த ப்ராடக்ட் கோட க்ளவுடுக்கு அனுப்பற ரகம், டெவலப்பருங்க கொதிச்சுப் போனாங்க. 2018ல யூஸரோட மெஷின்லயே ஓட்றதுக்கு மாறினாங்க, போன நம்பிக்கை அவ்ளோ சீக்கிரம் வருமா என்ன.

க்ளையன்ட் கோட் உங்களோடது இல்ல, அதனால எந்த டூல், எந்த ப்ளான்னு மெயில்ல எழுதி சம்மதம் வாங்குங்க. வேண்டாம்னா ஒல்லாமா மாதிரி ஒண்ணுல சின்ன கோடிங் மாடல உங்க மெஷின்லயே ஓட்டுங்க, பெரிய மாடல் அளவுக்கு வராது, ஆட்டோகம்ப்ளீட்டுக்கு தாராளம். நெட்ட கட் பண்ணியும் சஜஷன் வருதான்னு ஒரு தடவ பாத்துடுங்க. இதுவரைக்கும் அவங்க கீ எதாவது தொறந்த டேப்ல கெடந்திருந்தா, அதையும் அதே மெயில்ல சொல்லி கீய மாத்தச் சொல்லிடுங்க.