பிள்ளையின் கைபேசியில் பெற்றோர் கட்டுப்பாட்டை நீக்குவது எப்படி?

பெற்றோர் கட்டுப்பாடு என்பது, பிள்ளை எந்தச் செயலிகளை நிறுவலாம், எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கலாம் என்பவற்றைப் பெற்றோர் தம் கைபேசியிலிருந்தே வரையறுக்கும் ஏற்பாடு. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இதற்குக் கூகுள் 2017-இல் வெளியிட்ட ஃபேமிலி லிங்க் பரவலாகப் பயன்படுகிறது.

பிள்ளையின் கைபேசியில் உள்ள செயலியை அழிப்பதாலோ, கைபேசியை முழுவதுமாக ரீசெட் செய்வதாலோ இக்கட்டுப்பாடு நீங்காது. ஏனெனில் அது கருவியில் அல்லாமல் பிள்ளையின் கூகுள் கணக்கிலேயே பதிந்திருப்பதால், அதே கணக்கில் மீண்டும் நுழைந்தவுடன் திரும்பி வந்துவிடும். நூலக அட்டையைக் கிழித்துப் போட்டாலும் உறுப்பினரின் பெயர் நூலகப் பதிவேட்டில் நீடிப்பதைப் போன்றது இது.

ஆகவே பெற்றோர் தம் கைபேசியில் ஃபேமிலி லிங்க் செயலியைத் திறந்து, பிள்ளையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, கணக்கு அமைப்புகளில் உள்ள கண்காணிப்புப் பகுதிக்குச் சென்று அதை நிறுத்த வேண்டும். பிள்ளை கூகுள் விதித்த வயதை, இந்தியாவில் 13 வயதை, எட்டிய பிறகே இவ்வசதி கிடைக்கும். நிறுத்துவதற்கு முன் பிள்ளையோடு அமர்ந்து பேசிவிடுவதே முறை என்று உறுதியாகக் கருதுகிறேன். யூடியூபையும் இணையத் தேடலையும் அன்றிலிருந்து அவர்கள் தாமே கையாள வேண்டியிருக்கும்.

கண்காணிப்பை நிறுத்தினால் புகைப்படங்களும் மின்னஞ்சல்களும் அழிந்துவிடும் எனப் பலர் அஞ்சுகின்றனர், ஆனால் கணக்கையே நீக்கினால்தான் அவை அழியும்.